15 நாளா, 48 நாளா?

திண்டுக்கல் பக்கம் பணியாற்றியபோது அவரைக்கொடியிலிருந்து பொறிவண்டு முட்டைகளை இலையோடு பறித்து வந்து வகுப்பறையில் வைப்போம். முட்டை, இளம்புழு, கூட்டுப்புழு, வண்டு என நான்கு பருவங்களும் சுமார் 15 நாளில் கண்முன்னே முடிந்துவிடும்.

மாறுதலில் கோத்தகிரிக்கு வந்ததும், அரையாண்டு விடுமுறை முடிந்து அதே செயல்பாட்டைத் தொடங்கினேன். அதே 15 நாள் கணக்கையும் ஏழாம் வகுப்புக்குச் சொல்லிவிட்டேன். பொங்கல் விடுமுறைக்கு டப்பா ஒரு மாணவியின் வீட்டுக்குப் போய் வந்தது. ஆறு வாரம் ஆகியும் கூட்டுப்புழு அப்படியே இருந்தது, கறுத்தும் போயிருந்தது. "செத்துப்போச்சு டீச்சர்" என்று ஒரு மாணவன் அதைக் குப்பைக்கூடையில் போட்டான். நானும் தடுக்கவில்லை. அந்த மாணவிதான் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். ஆறாம் நாள் வண்டு வெளியே வந்தது.

தவறு என் கணக்கில். பூச்சியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. பொறிவண்டின் வளர்ச்சி ஏறத்தாழ 10 முதல் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே நின்றுவிடும். அதற்கு மேலுள்ள வெப்பமே நாள்தோறும் வரவாகச் சேரும். எளிமைக்காக எல்லையை 11 டிகிரி என்றும், முட்டை வண்டாக மொத்தம் 240 அலகு வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி 27 டிகிரியானால் ஒரு நாள் வரவு 16. 15 நாளில் முடியும். சராசரி 16 டிகிரியானால் வரவு 5 மட்டுமே. 48 நாள் ஆகும். கணக்குப் பாடவேளையிலும் இதைச் செய்யலாம்.

வெப்பம் ஏற ஏற வேகமும் கூடிக்கொண்டே போகும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். 35 டிகிரியை நெருங்கினால் முட்டைகள் பொரிவது குறையும், இளம்புழுக்கள் மடியும். தகரக் கூரைக்கு அடியில் டப்பாவை வைக்க வேண்டாம்.

இதில் விவசாயமும் இருக்கிறது. அசுவினிகள் 5 டிகிரி அளவிலேயே வளரத் தொடங்கிவிடும். ஆகவே குளிர்காலத்தில் அவை முந்திக்கொள்ளும், பொறிவண்டு பின்தங்கும். வண்டே இல்லை என்று மருந்து அடித்தால் இலைக்கு அடியில் மெதுவாக வளரும் இளம்புழுக்களும் சாகும். முதலை போன்ற அந்தக் கறுப்புப் புழுவைத் தீமை செய்யும் பூச்சி என்று நசுக்குவோரும் உண்டு. இதை மாணவர்கள் வீட்டில் சொல்லட்டும்.

செய்து பார்ப்பவர்களுக்கு: கத்திரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு வேறு, அதை எடுக்காதீர்கள். தினமும் அசுவினி கொடுங்கள்; பசித்தால் இளம்புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். வெப்பமானி அளவோடு கூட்டுப்புழுவின் நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள். குளிரில் உருவானது கறுத்தும், வெப்பத்தில் உருவானது வெளிறியும் இருக்கும்.