தோன்றி மறையும் மின்பழுது

யந்திரங்களுக்கு நேரும் பழுதுகளுள் நிலைத்து நிற்பதனைத் தீர்த்தல் எளிது; தோன்றி மறைவதனைத் தீர்த்தலே அரிது. அறுந்த கம்பி அறுந்தபடியே கிடப்பின் எவரும் அதனைக் கண்டு இணைப்பர். ஓடுங்கால் விலகியும், நிறுத்திப் பார்க்குங்கால் பொருந்தியும் இருக்கும் கம்பியோ கைதேர்ந்த தொழிலாளரையும் மயக்கும். மோட்டார் சைக்கிளின்கண் நேரும் இத்தகைய மின்பழுதினை ஆராயும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

படூர் என்னும் ஊர் பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கத்திற்கு வடக்கே உள்ளது. அதன் கிழக்கே உப்பங்கழியும், அப்பால் கோவளத்துக் கடலும் உள. ஆதலின் ஆண்டு வீசுங் காற்று உப்பும் ஈரமும் கலந்தது. அது படியப் படியச் செப்புக் கம்பியின் முனைகளிற் பச்சைக் களிம்பு ஏறுகின்றது. களிம்பேறிய இடத்தில் மின்சாரம் தடைப்படுகின்றது. கோவளத்து மீனை ஐஸ் பெட்டியில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்கு விரையும் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். வண்டி வழியில் நின்றால் மீனும் கெடும், அன்றைய வருவாயும் கெடும். இருளில் முகப்பு விளக்கு அணைந்தாலோ உயிருக்கே ஏதமாம். பட்டறைக்குக் கொண்டு சென்றவுடன் பழுது மறைந்துவிடுகிறது. பாட்டரியை மாற்றுக என்பார் ஒருவர். காயிலை மாற்றுக என்பார் மற்றொருவர். பணம் போயும் பழுது போவதில்லை.

அறிவு பெறும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். காண்டலும் கருதலும் அவற்றுள் தலையாயவை. மணிமேகலையில் அறவணவடிகள், புகையுடைய மலையில் நெருப்புண்டென்னும் கருதலளவையை அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகின்றார். காரணம் உள்ளவழிக் காரியம் உண்டாதலும், அஃது இல்வழி இல்லையாதலும் ஆகிய இரண்டும் பொருந்தினாலன்றி, இதுவே காரணம் எனத் துணிதல் கூடாது. பட்டறைக்கும் இவ்விதியே விதியாகும்.

முதலாவது, பழுது நேரும் சமயத்தை அறிதல் வேண்டும். எஞ்சின் திணறித் திணறி அடங்கினால் பெட்ரோல் வரும் வழியை ஐயுறலாம். விளக்கை அணைத்தாற்போலத் திடீரென நின்றால் மின்சாரத்தை ஐயுறலாம். பள்ளத்தில் குலுங்கும்போது நிற்பின் இணைப்புத் தளர்ச்சியும், கைப்பிடியைத் திருப்பும்போது நிற்பின் வண்டிக் கழுத்தருகே வளையும் கம்பியும், நெடுந்தூரம் ஓடிச் சூடேறியபின் நின்று, ஆறியபின் ஓடின் காயிலும், மழையில் மட்டும் நிற்பின் நீர் புகுந்த இணைப்பும் ஐயத்திற்குரியன.

இரண்டாவது, தேடும் எல்லையைச் சுருக்குதல் வேண்டும். எஞ்சின் நின்றவுடன் சாவியைத் திருப்பாமல் ஹாரனை அழுத்திப் பார்த்தல் நலம். ஹாரனும் விளக்கும் ஒருங்கே அடங்கியிருப்பின், யாவற்றிற்கும் பொதுவான வழியில், அதாவது பாட்டரி முனை, பியூஸ், சாவி ஸ்விட்ச், வண்டிச் சட்டத்தோடு சேரும் எர்த் கம்பி ஆகியவற்றுள் ஒன்றில் பழுது உளது. ஹாரன் ஒலித்தும் எஞ்சின் மட்டும் நின்றிருப்பின், பொறி தரும் கிளையில் உளது. 1955-ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகிவரும் புல்லட் வண்டிகளுள் பழையவற்றில் இக்கிளையில் பாயிண்ட் என்னும் உறுப்பு உண்டு. புதியவற்றில் அதன் தொழிலை எலக்ட்ரானிக் கருவி செய்கின்றது. உறுப்பு மாறினும் ஆராயும் முறை மாறாது.

மூன்றாவது, பழுதை வேண்டுமென்றே வருவித்தல் வேண்டும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, கைப்பிடியை இருபுறமும் மெல்லத் திருப்புக. பின்னர்க் கம்பிக் கட்டினை ஒவ்வோரிடமாக அசைத்துக் காண்க. ஒரு சமயத்தில் ஓரிடத்தையே அசைத்தல் இன்றியமையாதது; இரண்டிடங்களை அசைப்பின் எதனால் நின்றது என்பது விளங்காது. பிளக்கிற்குச் செல்லும் தடித்த கம்பியைத் தொடலாகாது; அதிற் பாயும் மின்னழுத்தம் மிகுதி.

நான்காவது, பாரம் ஏற்றி அளத்தல் வேண்டும். கம்பியின் உட்புறம் பல செப்பிழைகளால் ஆயது. மேலுறை பழுதுறாதிருக்க, உள்ளே ஓரிழை தவிர ஏனைய யாவும் அறுந்திருத்தலும் உண்டு. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரத்தை அவ்வோரிழையே கடத்திவிடுமாதலின், கம்பி நன்றென மீட்டர் கூறும். விளக்கை எரியவிட்டால் உண்மை வெளிப்படும். 12 வோல்ட்டில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் ஏற்பது. இடையில் ஓர் இணைப்பு 1 ஓம் தடை செய்யின், ஏறக்குறைய மூன்றரை வோல்ட் அவ்விடத்திலேயே வீணாகி, விளக்கிற்கு எட்டரை வோல்ட்டே எட்டும். ஆகவே விளக்கு எரியும்போதே இணைப்பின் இருபுறமும் மீட்டரை வைத்து அளத்தல் வேண்டும். நல்ல இணைப்பாயின் முள் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும்.

ஐந்தாவது, கண்டதை மெய்ப்பித்தல் வேண்டும். ஐயுற்ற இடத்தை அசைக்குந்தோறும் எஞ்சின் நின்று, விடுந்தோறும் சீராக ஓடின் காரணம் கைப்பட்டதாம். அதன்பின் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கெட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதுக்கம்பி பற்றவைத்து உறையிடுக. கழுத்தருகே சிறிது தளர்ச்சியும் விடுக. களிம்பேறிய முனைகளைச் சுரண்டித் தூய்மை செய்து மெல்லிதாக வாசலின் தடவுக. பின்னர் முன்போலவே அசைத்துப் பார்க்குங்கால் எஞ்சின் நில்லாதாயின், இல்வழி இன்மையும் நிறைவேறியது.

சில நாள் தோன்றாத பழுது தானே நீங்கிற்றென்று கருதி வாளாவிருத்தல் தகாது. காரணம் காணாத வரையில் அது மறைந்துளதே அன்றி ஒழிந்ததன்று. ஊகத்தால் நல்ல உறுப்பை மாற்றி ஏழைத் தொழிலாளியின் பணத்தைப் போக்குவது அறிவுக் குறை மட்டுமன்று, அறத்திற்கும் குறையாம். அரைமணி நேரப் பொறுமையும் சிறு மீட்டர் ஒன்றும் அப்பணத்தைக் காக்கும். நூலிற் கற்ற அளவையைக் கையிற் பற்றும் கம்பியிலும் செலுத்திப் பார்க்கும் மாணாக்கனுக்கே கல்வி முழுப்பயன் தரும்.