சிறுநகரப் பொதுவாழ்வில் இறங்குவது எப்படி? முதன்முறை வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன ஊரில் இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு: ஆளைப் பிடித்துவிடலாம். வார்டு கவுன்சிலர் நீங்கள் காய்கறி வாங்கும் சந்தைக்குத்தான் வருகிறார். துப்புரவு ஆய்வாளரின் பைக் காலையில் உங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகிறது. இருந்தும், பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் வரி கட்டவும் தவிர, நம்மில் பலர் நகராட்சி அலுவலகப் படி ஏறுவதே இல்லை. “அதெல்லாம் கட்சிக்காரங்க பாடு” என்று ஒதுங்கிவிடுகிறோம்.

ஒதுங்க வேண்டியதில்லை. 1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்தது. குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, பூங்கா, சுடுகாடு என்று 18 பொறுப்புகளை 12-ஆவது அட்டவணை பட்டியலிடுகிறது. தமிழ்நாட்டின் பேரூராட்சி, நகராட்சி, சிறிய மாநகராட்சி ஒன்றில் குடியிருந்துகொண்டு, ‘எங்கிருந்து தொடங்குவது?’ என்று யோசிப்பவருக்காக இதை எழுதுகிறேன். கட்சி அட்டை தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பிடிவாதமும் போதும்.

## முதல் படி: உங்கள் வார்டு எது?

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் வார்டு எண் இருக்கும். ஆனால் பல ஊர்களில் வரிக்கான வார்டு எண்ணும் தேர்தல் வார்டு எண்ணும் வேறு வேறாக இருப்பதுண்டு. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நீங்கள் எந்த வார்டில் வாக்களித்தீர்களோ அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

வாடகைக்கு வீடு மாறி வந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றிக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. பதினெட்டு வயதைக் கணக்கிட இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் இருப்பதால், வீட்டுப் பிள்ளைகளுக்கும் காத்திருப்பு குறைவு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் பகுதி சபையில் உறுப்பினராக இருப்பவர்கள் அந்தப் பகுதியின் வாக்காளர்கள்தான்.

அடுத்து நோட்டில் நான்கு பேரின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: கவுன்சிலர், துப்புரவு ஆய்வாளர், உங்கள் பகுதியைப் பார்க்கும் உதவிப் பொறியாளர், ஆணையர் அல்லது செயல் அலுவலர். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கானவை. உங்கள் கவுன்சிலர் பெண்ணாக இருந்து, போனைக் கணவர் எடுத்தால், “அக்காகிட்ட பேசணும்ண்ணே, அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நாம் அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். அவரிடம் பேசப் பேசத்தான் அந்த நாற்காலி அவருடையதாகும்.

## எது யாருடைய வேலை?

பெரும்பாலான புகார்கள் செத்துப்போவது இங்கேதான். தவறான மேசைக்குப் போன மனு, “இது எங்களுக்கு வராது” என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடும். ஆகவே மனு எழுதுவதற்கு முன் ஒரு நடை நடந்து பாருங்கள்.

சாலையை எடுத்துக்கொள்வோம். ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலையும் நகராட்சியுடையது அல்ல. பேருந்து போகும் முக்கியச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தில் மைல்கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. சந்துகளும் உள்தெருக்களும் பெரும்பாலும் நகராட்சிக் கணக்கு.

தெருவிளக்கு எரியவில்லையென்றால் நகராட்சி. கம்பம் சாய்ந்தாலோ கம்பி அறுந்து தொங்கினாலோ மின்வாரியம். அதன் ‘மின்னகம்’ எண் 94987 94987. இரண்டுக்குமே கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால், “எந்த இடம், எந்தக் கடை பக்கத்துல” என்ற பேச்சு மிச்சம்.

குளம், ஏரி இன்னும் சிக்கல். கோயில் தெப்பக்குளம் அறநிலையத் துறைப் பொறுப்பில் இருக்கலாம். பெரிய ஏரியும் அதன் வரத்துக் கால்வாயும் நீர்வளத் துறைக் கையில் இருக்கலாம். ஊருணி நகராட்சியுடையதாக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆக்கிரமிப்புப் புகார் என்றால் புல எண் இல்லாமல் போகவே போகாதீர்கள்.

பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், தெரு சேர்ந்து காசு போட்டுக் கூப்பிட்டாலும் சரி. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் தகுந்த பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுத் தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. நம் வீட்டு அடைப்பை எடுக்கப் போய் இன்னொரு வீட்டின் பிழைப்பு போகக் கூடாது.

## மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. சாலை, விளக்கு, நாய்த் தொல்லை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று பிரிவுகளுக்கும் போகும். எந்தப் பிரிவும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது.

‘எங்கள் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லொணாத் துயரம் அனுபவித்து வருகிறோம்’ என்று தொடங்க வேண்டாம். அதிகாரிக்கு இடமும் அளவும் தேவை. இப்படி எழுதுங்கள்: ‘எங்கள் தெருவில் ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் இடையே சுமார் 30 அடி நீளத்துக்கு வடிகால் மேல்மூடி இல்லை. குழந்தைகள் நடக்கும் வழி. மூடி அமைத்துத் தரக் கேட்டுக்கொள்கிறோம்.’ கூடவே பகலில் எடுத்த ஒரு புகைப்படம், தெருவாசிகளின் கையெழுத்து, ஒரு கைப்பேசி எண். மூன்று வரியில் விஷயம் முடிந்துவிட வேண்டும்.

எப்போதும் இரண்டு பிரதி. அலுவலகத்தில் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். “வச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்” என்பார்கள். பணிவாக நின்று, “சீல் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க சார்” என்று கேட்டு வாங்கிய பிறகே நகருங்கள். அந்த நீல முத்திரைதான் பின்னால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். பதினைந்து நாள் கழித்து அதே பிரதியோடு உதவிப் பொறியாளரைப் பாருங்கள். ‘நிதி இல்லை’ என்று அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள். மதிப்பீடு போட்டாயிற்றா, மன்றத்தில் தீர்மானத்துக்கு வைத்தாயிற்றா என்று கேளுங்கள். வேலையின் வழி தெரிந்தவர் கேட்கிறார் என்று புரிந்தால் பதிலின் தொனியே மாறுவதைக் கவனிப்பீர்கள்.

நகராட்சியில் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள். அல்லது 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண். இரண்டிலும் மனு எண் தருவார்கள். நோட்டில் ஏற்றுங்கள்.

## பகுதி சபைக்குப் போங்கள்

கிராமசபை எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் அதற்கு இணையான ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத்தான் வார்டு குழு என்று அரசியலமைப்பு சொல்லியிருந்தது. அதனால் சிறுநகரங்கள் நெடுங்காலம் விடுபட்டுக் கிடந்தன. தமிழ்நாடு அரசு 2022-இல் விதிகள் வகுத்த பிறகு, ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பகுதி சபை என்று ஏற்பாடு வந்தது. முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில் நடந்தன.

பகுதிப் பிரதிநிதியை நாம் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். இது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்பது என் கருத்து. அதற்காக ஒதுங்கினால், கூட்டம் பத்து நாற்காலியோடும் ஒரு குரூப் போட்டோவோடும் முடிந்துவிடும். கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று முன்கூட்டியே கேளுங்கள். தெருவிலிருந்து ஐந்து பேராவது சேர்ந்து போங்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு வாடகைக் குடித்தனக்காரர் இருக்கட்டும். பேசியது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று கூட்டம் கலைவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாத கோரிக்கை வார்டு குழுவுக்குப் போகாது.

## பத்து ரூபாய்க்கு ஒரு கேள்வி

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கோபத்தில் பயன்படுத்துவதைவிடக் கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

‘ஏன் சாலை போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். சட்டம் காரணம் சொல்லச் சொல்வதில்லை. இருக்கும் ஆவணத்தைத்தான் கொடுக்கச் சொல்கிறது. போட்ட ஆறே மாதத்தில் சிமென்ட் சாலை பெயர்ந்துவிட்டதா? அந்தப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல் மூன்றையும் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் பொறியாளர் கையெழுத்தோடு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் டேப் பிடித்து அளந்து பார்க்கலாம். பணியை நேரில் ஆய்வு செய்யவும், சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது.

## தனியாகச் செய்ய வேண்டாம்

குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவோடு ஆண்டுப் பொதுக்குழுவும் வரவு செலவுக் கணக்கும் கட்டாயம் சேர்ந்து வரும். அதற்கு ஆள் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். ஓராண்டு தெருக்குழுவாகவே இயங்கிப் பாருங்கள்.

சங்கம் சொந்த வீட்டுக்காரர்களின் மன்றமாகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. தெருக்கோடியில் இருக்கும் ஓட்டு வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் நுழைவாயிலில் வளைவு கட்டும் சங்கங்களைப் பார்க்கலாம். முதல் வேலையாக, ஊரில் யாருக்குக் குரல் குறைவோ அவர்களின் கோரிக்கையை எடுங்கள். ஊர் உங்களை நம்பத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

பணமும் போட முடியுமென்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பள்ளிக்குச் சுற்றுச்சுவர், பூங்கா, நீர்நிலை மேம்பாடு போன்றவற்றுக்கு ஏற்றது. சாலையும் வடிகாலும் நாம் வரி கட்டிப் பெற வேண்டிய அடிப்படை வசதிகள். அவற்றுக்கு நன்கொடை திரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

## புகார் இல்லாத நாட்களில்

குறை சொல்ல மட்டும் வரும் முகத்தை எந்த அலுவலகமும் விரும்பாது. வேலை நடந்தால் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கும் முத்திரை வாங்குங்கள்.

வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறதே, அது 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் கொடை. அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஒரு மாலை கிளை நூலகத்துக்குப் போங்கள். வாசகர் வட்டம் இருந்தால் சேருங்கள். செயலற்றுக் கிடந்தால் நூலகரோடு சேர்ந்து உயிர்ப்பியுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பது முதல் பள்ளி வளர்ச்சித் திட்டம் வரை அங்கே பேசலாம்.

நாளைக் காலையே தொடங்க ஒன்று வேண்டுமென்றால், குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி, நாப்கினும் உடைந்த கண்ணாடியும் காகிதத்தில் சுற்றித் தனியே. வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் நம் சோற்றுப் பருக்கையிலிருந்து பிளேடைப் பொறுக்கி எடுக்கிறார். அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். சம்பளம் மாதாமாதம் வருகிறதா, கையுறை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால், உங்கள் முதல் மனு எதைப் பற்றியது என்று முடிவாகிவிட்டது.