"கல்வனைஸ்" என்ற ஒரு சொல் போதாது

மாலைதீவுக்கு இரும்புச் சாமான் அனுப்பும் நம்மவர் சிலரது ஓடர் தாள்கள் அண்மையில் பார்க்கக் கிடைத்தன. போல்ட், நட், குழாய், ஏணி என்று எல்லாவற்றுக்கும் எதிரே "கல்வனைஸ்" என்ற ஒரே சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகை வேலைகள் உள்ளன. விலையும் வேறு, ஆயுளும் வேறு. வாங்குபவர் ஒன்றை நினைத்திருக்க, விற்பவர் இன்னொன்றை ஏற்றிவிட்டால் ஓடரைக் காட்டி வாதாட முடியாது. மூன்றும் கல்வனைஸ்தானே!

முதலாவது, செய்து முடித்த பொருளை அமிலத்தில் கழுவி, ஏறக்குறைய 450 பாகை செல்சியஸில் உருகிய நாகத்தில் முக்கி எடுப்பது. ஐ.எஸ்.ஓ. 1461 தரத்தின்படி 6 மி.மீ.க்கு மேல் தடிப்புள்ள உருக்கில் பூச்சு சராசரி 85 மைக்ரோன் இருக்க வேண்டும். இரண்டாவது, மின்சாரம் பாய்ச்சிப் பூசுவது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோன்தான். மூன்றாவது, தகட்டுச் சுருளுக்கு ஆலையிலேயே பூசிவிட்டுப் பிறகு வெட்டி வளைப்பது. இசட் 275 என்றால் சதுர மீற்றருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம், அதாவது பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரோன். வெட்டிய ஓரத்திலும் ஒட்டிய இடத்திலும் நாகம் இருக்காது.

இனிக் கணக்கைப் பாருங்கள். கடற்கரை உப்புக் காற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 9223 தரம் வைத்திருக்கும் சி5 என்ற பிரிவில் வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோன் வரை நாகம் கரைகிறது. மின்சாரத்தில் பூசிய 8 மைக்ரோன் போல்ட் அங்கே ஒன்று, இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். முக்கி எடுத்த 85 மைக்ரோன் சட்டம் பத்து முதல் இருபது வருடம் நிற்கும். படகுத்துறைக்குப் போகும் சாமானில் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பவர் அடுத்த ஓடரை இழக்கிறார் என்பதே என் அபிப்பிராயம்.

அதற்காக எல்லாவற்றையும் முக்கத் தேவையில்லை. வீட்டுக்குள் பூட்டும் பிணைச்சல், சிறு ஸ்குரூ போன்றவற்றுக்கு மின்பூச்சே பொருத்தம். முக்கினால் புரிகள் அடைபடும். பெரிய போல்ட்டை முக்கி, சுழற்றி, மேலதிக நாகத்தை உதறுவார்கள். அதற்கான நட்டின் உட்புரியைச் சற்று அகலமாக வெட்டுவார்கள். எனவே போல்ட்டை ஓரிடத்திலும் மலிவான நட்டை வேறிடத்திலும் வாங்கினால் ஒன்றில் ஏறாது, அல்லது லொடலொடக்கும். சோடியாகவே வாங்குங்கள். 10.9 தரத்துக்கு மேற்பட்ட உறுதியான போல்ட்டுகளுக்கு மின்பூச்சு ஆபத்து. பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் உருக்கை நொறுங்க வைக்கக்கூடும்.

குழாய்ச் சட்டங்களை முக்குவதானால் காற்றுப் போகவும் நாகம் வடியவும் துளை வேண்டும். அடைபட்ட குழாய் தொட்டிக்குள் வெடிக்கும். துளையிடுவது யார் பொறுப்பு என்பதை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். பிறகு தொடங்கும் சண்டை வீண் வேலை.

இன்னொன்று வெள்ளைத் துரு. புதிதாக முக்கிய சாமானை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொள்கலனை மூடினால், திறக்கும்போது வெள்ளைப் பொடி பூத்திருக்கும். பெரும்பாலும் மேலோட்டமான கறைதான். ஆனால் துறைமுகத்தில் நிற்கும் கொள்வனவாளருக்கு அதை விளங்கப்படுத்துவது சுலபமா? நன்றாக உலரவிட்டு, இடையில் காய்ந்த பலகைத் துண்டு வைத்து அடுக்குங்கள். ஈரப் பலகை வைத்தால் அதுவே கறையை உண்டாக்கும்.

ஓடரில் முறை, தர இலக்கம், மைக்ரோன் மூன்றையும் எழுதுங்கள். தடிப்பை அளக்கும் சிறிய காந்தக் கருவி கையில் இருந்தால் பூச்சை உரசிக் கெடுக்காமலே பார்க்கலாம். ஒரு பொருளில் ஓரிடத்தை மட்டும் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படாமல் பல இடங்களில் அளந்து, கொள்கலனுக்கு முத்திரை வைக்கும் முன்பே அந்த அளவுகளைக் கொள்வனவாளருக்கு அனுப்பிவிடுங்கள்.