ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் நன்னூலாரின் சிறப்புப்பெயரும்

முன்னுரை

தமிழ் நெடுங்கணக்கில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் உண்டு; பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. அரபு எழுத்துகள் பல, சொல்லின் முதல், இடை, கடை என்னும் இடத்திற்கேற்ப வடிவம் மாறும். எனினும் பெயரைக் காட்டுவதற்கெனத் தனி வடிவம் கொள்வதில்லை. ஆதலின் அரபுத் தமிழில் எழுதிய நம் முன்னோர்க்கும் இச்சிக்கல் எழவில்லை. ஆங்கிலம் எழுதப் புகும் நம் மாணவர்க்கோ இது புதிய மரபு. வேலை விண்ணப்பத்தில் இம்மரபு பிறழுமாயின், கருத்து நன்றாக இருப்பினும் எழுதியவரின் கல்வி ஐயத்திற்கு உள்ளாகிறது. தமிழ் இலக்கணம் கற்றவர் தாம் அறிந்ததைக் கொண்டே இதனை எவ்வாறு தெளியலாம் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு

உரோமர் கல்லில் பொறித்த எழுத்துகளே இன்றைய பெரிய எழுத்துகளின் மூலம். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், சார்லமேன் மன்னரின் ஆட்சியில், விரைந்து எழுதத்தக்க சிறிய வடிவங்கள் சீர்பெற்றுப் பரவின. நாளடைவில் இருவகையும் ஒரே பக்கத்தில் இணைந்தன. பின்னர் அச்சுக்கலை பரவியபோது, அச்சுக்கோப்போர் பெரிய எழுத்துகளை மேற்பெட்டியிலும் சிறியவற்றைக் கீழ்ப்பெட்டியிலும் வைத்தனர். 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்னும் பெயர்கள் இவ்வாறு வந்தவையே. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் பொதுப்பெயர்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவது மிகுந்திருந்தது. பின்னர் அவ்வழக்கு அருகிற்று. ஜெர்மானியரோ எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் அதனை இன்றும் போற்றுகின்றனர்.

பொதுவும் சிறப்பும்

'பொதுப்பெயர்க்குச் சிறிய எழுத்து, சிறப்புப்பெயர்க்குப் பெரிய எழுத்து' என வகுப்பில் சுருங்கச் சொல்வதுண்டு. இங்கேதான் தமிழ் மாணவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். நன்னூல் மரபில் 'மரம்' பொதுப்பெயர், 'பனை' சிறப்புப்பெயர். 'பறவை' பொது, 'மரங்கொத்தி' சிறப்பு. ஆங்கிலத்திலோ பனையும் மரங்கொத்தியும் சிறிய எழுத்திலேயே தொடங்கும். தமிழிலக்கணத்தின் சிறப்பு ஓர் இனத்தை மற்றோர் இனத்தினின்று பிரிக்கிறது. ஆங்கிலத்தின் சிறப்போ தனியொன்றுக்கு இட்ட பெயரைக் குறிக்கிறது. 'ஆறு' சிறியது; 'காவிரி' பெரியது. 'கல்லூரி' சிறியது, 'மாநிலக் கல்லூரி' என்னும் முழுப்பெயரில் அச்சொல்லும் பெரிய எழுத்துப் பெறும்.

விதிகள்

1. வாக்கியத்தின் முதற்சொல்லும், மேற்கோளாக வரும் முழுவாக்கியத்தின் முதற்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

2. 'நான்' எனப் பொருள்படும் 'ஐ' எங்கு வரினும் பெரிய எழுத்தே. 'நாம்', 'நீ', 'அவன்' ஆகியவற்றுக்கு இவ்வுரிமை இல்லை.

3. கிழமை, திங்கள், பண்டிகைப் பெயர்கள் பெரிய எழுத்துப் பெறும். கோடை, குளிர் முதலிய பருவங்கள் பெறா.

4. மொழி, நாட்டினர், சமயம் ஆகியவற்றின் பெயர்கள் பெறும். எனவே பாடங்களுள் தமிழும் அரபும் பெரிய எழுத்தில் தொடங்க, வரலாறும் கணிதமும் பொதுவாகச் சிறிய எழுத்தில் தொடங்கும்.

5. பதவிப்பெயர் ஒருவர் பெயருக்கு முன் ஒட்டி வரின் பெரிய எழுத்து. பொதுவாகச் சுட்டின் சிறிய எழுத்து.

6. அரபுப் பெயர்களின் நடுவே வரும் 'அல்', 'இப்னு' ஆகியவற்றை நூலோர் பெரும்பாலும் சிறிய எழுத்தில் தொடங்குவர். எனினும் பெயருக்குரியவர் தாமே எழுதிவரும் முறையை மதித்தல் நன்று.

பொருள் வேறுபாடு

இவ்வேறுபாடு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. 'மார்ச்' பெரிய எழுத்தில் திங்களையும் சிறிய எழுத்தில் அணிநடையையும் உணர்த்தும். 'சைனா' முன்னதில் நாடு, பின்னதில் பீங்கான்.

முடிவுரை

படிவங்களில் பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்வது தெளிவு கருதிய ஏற்பாடு. அதனைக் கடிதம் முழுமைக்கும் விரித்தால், எங்கும் பெரிய எழுத்தாகிப் பெயர் எதுவெனத் தனித்துத் தோன்றாது. ஐயம் எழும்போதெல்லாம், 'இது ஓர் இனத்தின் பெயரா, தனியொன்றுக்கு இட்ட பெயரா?' என மாணவர் தம்மையே வினவுவாராக. விதிவிலக்குகள் சில எஞ்சினும், பெரும்பாலான இடங்களில் இவ்வினாவே விடை தரும். தமிழ் வகுப்பில் கற்ற இலக்கணம் ஆங்கிலத் தாளிலும் துணை நிற்பதை அப்போது அவர்கள் உணர்வர்.