கல்மரமும் உயிரேடும்

முன்னுரை

ஓலைச்சுவடிகளைப் பதிப்பிப்போர் பின்பற்றும் நெறியொன்று தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. ஒரு நூலின் படிகள் பலவற்றை ஒப்பிடுவர். இரண்டு படிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழையோ, ஒரே இடைச்செருகலோ காணப்படின், அவ்விரண்டும் ஒரு தாய்ப்படியிலிருந்து பெயர்த்தெழுதப் பெற்றவை எனத் துணிவர். இந்நெறியைப் போன்றதொரு நெறியாலேயே இன்றைய உயிரியல் அறிஞர் மரங்களின் குலவரலாற்றையும் காண்கின்றனர். ஊசியிலை மரங்களைப் பற்றிய மரபணு ஆய்வு அதற்குச் சிறந்த சான்று. அதனை நம் மண்ணின் மரங்களோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லாகிய மரங்கள்

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டுவரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரங்கள் கிடக்கின்றன. ஆற்று மணலில் புதையுண்ட மரங்களின் கலங்களில் நீரில் கரைந்த மணற்சத்து படிந்து, மரம் கல்லாயிற்று. பூக்கும் மரங்களோடு, மெசெம்பிரியாக்சைலான் எனப் பெயரிடப்பட்ட ஊசியிலை மரவகையும் அங்கு உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும் இவ்வினத்ததே. அதன் அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். 1940இல் அதனை அறிவித்தவர் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் ஆவார்.

கல்மரத்தை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் நோக்கின், கலங்களின் வரிசை தெரியும். அதைக்கொண்டு மரத்தின் குடும்பத்தை அறியலாம். ஆயின் அதன் மரபணு எழுத்துகள் அழிந்தொழிந்தன. இதுவரை படிக்கப்பெற்ற மிகப்பழைய டி.என்.ஏ., கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து 2022இல் வெளியிடப்பட்டது. அதன் அகவை ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளே. கல்மரம், அட்டை எஞ்சி எழுத்தழிந்த ஏடு எனலாம்.

உயிருள்ள ஏடு

எழுத்தைப் படிக்க உயிருள்ள மரமே வேண்டும். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் ஆகிய நெடுந்தொடர். ஓர் உயிரின் அத்தொடர் முழுவதையும் மரபணுத்தொகுதி என்பர். 2013ஆம் ஆண்டு சுவீடன் நாட்டறிஞர் தலைமையில் நார்வே ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் தொகுதி முதன்முதலாகப் படித்து வெளியிடப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,000 கோடி எழுத்துகள். மனிதனுக்கோ ஏறத்தாழ 300 கோடியே.

இத்துணை நீண்ட தொடரை ஒரே மூச்சில் படிக்க இயலாது. சிறு துணுக்குகளாகப் படித்துப் பின் ஒட்டவேண்டும். ஒரே வரி நூலெங்கும் திரும்பத் திரும்ப வருமாயின், கலைந்த ஏடுகளை எவ்வாறு வரிசைப்படுத்துவது? ஊசியிலை மரத்தில் நேர்ந்த இடர்ப்பாடு இதுவே.

இடைச்செருகலே சான்று

இவ்வளவு எழுத்துக்கும் ஸ்புரூஸ் மரத்தின் மரபணுக்கள் ஏறத்தாழ 28,000 மட்டுமே. எஞ்சியவற்றில் பெரும்பகுதி, தம்மைத் தாமே படியெடுத்து வேறிடங்களில் புகுந்துகொள்ளும் துணுக்குகள். பூக்கும் தாவரங்கள் இத்தகைய செருகல்களைக் காலப்போக்கில் பெரிதும் களைந்துவிடுகின்றன. ஊசியிலை மரங்களோ பல கோடி ஆண்டுகளாக அவற்றைச் சேர்த்தே வைத்துள்ளன.

கல்வராயன் மலைக்காடுகளிலும் வளரும் சந்தனமரத்தோடு இதனை ஒப்பிடுக. பெங்களூரு அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட அதன் தொகுதி ஏறத்தாழ 22 கோடி எழுத்துகளே. ஆயின் மரபணுக்கள் ஏறத்தாழ 38,000. ஏட்டின் பருமன் வேறு, பொருளின் பெருக்கம் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

ஸ்புரூசின் செருகல் வகைகளைப் பைன், ஜூனிப்பர், யூ முதலிய மரங்களின் செருகல்களோடு ஒப்பிட்டபோது, அவ்வகைகள் அவற்றிற்குப் பொதுவாக இருத்தல் தெரியவந்தது. இவ்வினங்கள் பிரிவதற்கு முன்னரே அவை புகுந்திருத்தல் வேண்டும். பயனற்றதெனத் தோன்றிய செருகலே தாய்ப்படியைக் காட்டும் சான்றாயிற்று.

நம் கடமை

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை வகுப்பு மரம் ஒன்றே. அது மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் வாழும் நேகியா வாலிச்சியானா. அவ்வகுப்பைச் சார்ந்ததாயினும் அதன் இலை அகன்றது. போடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கும், திருவக்கரையின் மெசெம்பிரியாக்சைலானுக்கும் மர அமைப்பில் உறவு காணப்படுகிறது. ஒரு காலத்தில் நம் சமவெளியருகே நின்ற குலம் இன்று மலைச் சோலைகளில் ஒதுங்கி வாழ்கிறது. அதுவும் அழியுமாயின் கல் மட்டுமே எஞ்சும்; படிக்க ஏடு இராது.

மரம் நட்டு, அதன் பயனைப் பறவையும் விலங்கும் மனிதனும் உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நின்ற மரத்தைக் காப்பதும் அத்தகைய அறமே அன்றோ!

முடிவுரை

மாணவர்களே! கல்வராயன் மலையின் மரங்களுக்கு அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியோர் வழங்கும் பெயர்களை இவ்விடுமுறையிலேயே கேட்டெழுதுங்கள். பெரியோர்களே! தங்கள் இல்லப் பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள் இருப்பின், கறையான் படிப்பதற்கு முன் எங்கள் மாணவர் படிக்கத் தந்துதவுங்கள். பிழை மலிந்த படியாயினும் தள்ளிவிட வேண்டா. அப்பிழையே அதன் தாய்ப்படியைக் காட்டக்கூடும். மரமாயினும் சுவடியாயினும், எழுத்து அழியுமுன் படிப்பதே கல்வி.