கருவி ஏன் ஒலிக்கவில்லை?

திரையரங்கு வாசல். மாலைக் காட்சிக்குக் கூட்டம் வருகிறது. பெண்கள் வரிசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலர் நிற்கிறார். அவர் கையில் மெட்டல் டிடெக்டர். உலோகம் அருகில் வந்தால் 'பீப்' என்று ஒலிக்கும் கருவி அது.

இருபது பேர் உள்ளே போய்விட்டார்கள். கருவி ஒரு முறைகூட ஒலிக்கவில்லை.

"அண்ணே, இன்றைக்கு யாரிடமும் எதுவும் இல்லை போல" என்றார் அவர்.

மூத்த காவலர் திடுக்கிட்டார். "இருபது பேரிடமும் ஒரு கைபேசி, ஒரு சாவி கூடவா இல்லை? வரிசையை நிறுத்தும்மா! உன் சாவிக்கொத்தைக் காட்டிப் பார்."

காட்டினார். சத்தம் இல்லை. விளக்கும் எரியவில்லை.

கருவி இரண்டு காரணங்களால் பேசாமல் இருக்கும். உலோகம் இல்லாவிட்டால் பேசாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் பேசாது. எது காரணம் என்பதைச் சாவிக்கொத்து சொல்லிவிடும்.

பெரியவர் சுவிட்சை அணைத்து மூடியைத் திறந்தார். உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தது. அதற்குள் 1.5 வோல்ட் கொண்ட சிறிய செல்கள் ஆறு இருக்கும். அவை தளர்ந்தால் கருவியும் தளரும். சில சமயம் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். ஓய்வில் இருந்த பேட்டரிக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பியிருக்கும். வேலை கொடுத்ததும் அது போய்விடும். அந்தத் தெம்பை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர்.

புதிய பேட்டரி போட்டார்கள். அப்போதும் கருவி பேசவில்லை.

"பேட்டரி புதுசுதானே அண்ணே?"

"பேட்டரி புதுசு. அதை மாட்டும் இடத்தைப் பார்."

பித்தான் போன்ற முனைகளில் பச்சை பூத்திருந்தது. பல மாதம் கழற்றாமல் விட்ட பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. அந்தக் கசிவு தோலைப் புண்ணாக்கும். வெறும் கையால் தொடக் கூடாது. பெரியவர் கையுறை போட்டுக்கொண்டார். பேட்டரியைக் கழற்றினார். பஞ்சில் சில துளி எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தார். பிறகு ஈரம் போக உலர்ந்த துணியால் துடைத்தார். ஒரு முனை தொளதொளவென்று இருந்தது. குறட்டால் மெல்ல நெருக்கினார். பேட்டரியின் + குறியையும் − குறியையும் பார்த்து, 'டக்' என்று மாட்டினார்.

சாவியைக் காட்டினார். பீப்!

உள்ளே போன இருபது பேரையும் திரும்ப அழைத்துச் சோதித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். படமும் பத்து நிமிடம் தாமதமானது.

கசிந்த பேட்டரியைத் தனி டப்பாவில் போட்டார் பெரியவர். அதைத் தீயில் போட்டால் வெடிக்கும். குப்பையோடும் சேர்க்கக் கூடாது. பழைய பேட்டரிகளைத் தனியாகச் சேகரிக்க வேண்டும் என்று 2022 முதல் விதியே இருக்கிறது.

அந்தப் பெண் ஒரு சிறிய காகிதம் எடுத்தார். 'பேட்டரி மாற்றிய நாள்' என்று எழுதினார். கீழே தேதியையும் எழுதிக் கருவியின் கைப்பிடியில் ஒட்டினார்.