மாந்தீவில் மரித்தோரை மறவாதிருப்போம்

கார்த்திகை மாதம் மரித்தோருக்குரிய மாதம். சேமக்காலைகளைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி ஏற்றி, நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பூசைக்குக் கொடுக்கிறோம். ஆயினும் சில குடும்பங்களில் ஒரு பெயர் மட்டும் எழுதப்படுவதில்லை. தொழுநோய் கண்டு, வீட்டை விட்டுப் பிரிக்கப்பட்டு, தனியே மரித்தவரின் பெயர் அது.

மட்டக்களப்பு வாவியைப் பார்த்து வாழும் நமக்கு இது தூரத்துச் சங்கதியன்று. வாவியிலுள்ள மாந்தீவில் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை ஒன்று அமைக்கப்பட்டது. அங்கு கொண்டுசெல்லப்பட்டவர்களுள் குணமாகித் திரும்பியோரும் உண்டு. கரையைக் கண்ணால் பார்த்தபடியே வாழ்ந்து மரித்தோரும் உண்டு.

ஏன் பிரித்தார்கள்?

நம் நாட்டில் இவ்வழக்கம் பழையது. கொழும்புக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் 1708ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தர் தொழுநோயாளர் இல்லத்தை அமைத்தனர். பின்னர் 1901ஆம் ஆண்டின் சட்டம் நோயாளரைத் தனிமைப்படுத்த அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அக்காலத்தில் மருந்து இல்லை. பயம் மட்டுமே இருந்தது.

இந்நோய் பாவத்தின் தண்டனையுமன்று, பரம்பரைச் சாபமுமன்று. இது ஒரு கிருமியால் வருகிறதென நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். 1940களில் பயனுள்ள மருந்து கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது. நோய்க்கு மருந்து வந்த பின்னும் பயம் போகவில்லை. குணமானவரை வீட்டார் ஏற்காத துயரம் பல நாடுகளில் நடந்தது.

பெயர் உள்ள ஏழை

லூக்கா 16ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை எண்ணிப் பாருங்கள். செல்வனுக்கு அங்கே பெயரில்லை. புண்கள் நிறைந்து வாசலில் கிடந்த ஏழைக்கோ லாசர் என்ற பெயர் உண்டு. உலகம் செய்வது இதற்கு நேர்மாறு. ஒருவருக்கு நோய் வந்ததும் அவருடைய பெயர் மறைந்து, நோயின் பெயரே அவர் பெயராகிவிடுகிறது. மாந்தீவில் மரித்தவர் ஒரு தாயாக, மீன்பிடிகாரனாக, வேளாண்மை செய்தவனாக இருந்திருப்பார். நோய் அவருடைய வாழ்வில் ஒரு பகுதி மட்டுமே.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயிலும் இதுவே நடந்தது. 1866 முதல் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். 1873இல் அங்கு சென்று அவர்களோடு வாழ்ந்த தமியான் அடிகளார், தாமும் அந்நோய் கண்டு 1889இல் மரித்தார். 2009இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரை உலகம் அறியும். மற்ற ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலானோரின் கல்லறைகளில் பெயரே இல்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் பழைய பதிவுகளைத் தேடி, பெயர்களைச் சேர்த்து, அனைவருக்கும் ஒரு நினைவுச்சின்னம் வேண்டுமெனக் கேட்டனர். அதற்கு அனுமதியளிக்கும் சட்டமும் அதே 2009இல் நிறைவேறியது.

மறைப்பதால் வரும் கேடு

மரித்தவரின் பெயரை மறைக்கும் வீட்டில், உயிரோடிருப்பவரின் தேமலும் மறைக்கப்படும். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் கண்டுபிடிக்கப்படுகின்றனர். மட்டக்களப்பு மாவட்டமும் இதற்கு விலக்கன்று. நிறம் மங்கிய அல்லது சிவந்த தேமல், அவ்விடத்தில் உணர்ச்சியின்மை, கைகால் விறைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். நோவோ கடியோ இல்லாததால் பலர் அசட்டையாக விடுகின்றனர். கிருமி உட்புகுந்து அறிகுறி தோன்ற ஐந்து ஆண்டுகளோ, சிலருக்கு இருபது ஆண்டுகளோ கூடச் செல்லலாம்.

கைகுலுக்குவதாலோ, அருகே அமர்ந்து உண்பதாலோ இது தொற்றாது. சிகிச்சை பெறாதவரோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகினாலே தொற்றக்கூடும். சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குப் பரவுவதில்லை. ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் இலவச மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் பூரண குணம் கிடைக்கும். வெட்கப்பட்டுக் காலந்தாழ்த்தினால் நரம்புகள் கெட்டு, கைகால் ஊனம் நிலைத்துவிடும்.

குடும்பத்தில் செய்யத்தக்கவை

1. நம் குடும்பத்தில் இந்நோயோடு வாழ்ந்து மரித்தவர் உண்டா? முதியோரிடம் கேளுங்கள். அவருடைய பெயரையும் ஊரையும் அவர் செய்த தொழிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2. இம்மாதம் பூசைக்குக் கொடுக்கும் பட்டியலில் அப்பெயரையும் எழுதுங்கள். உறவினர் எவருமற்று மாந்தீவில் மரித்தோருக்காகவும் ஒரு செபமாலை சொல்லுங்கள்.

3. உணர்ச்சியற்ற தேமல் யாருக்காவது இருந்தால், வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். நோய் உறுதியானால், ஒரே வீட்டில் வாழும் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

4. மாற்கு 1ஆம் அதிகாரத்தில், தொழுநோயாளனைக் குணமாக்கும்போது ஆண்டவர் முதலில் கைநீட்டி அவனைத் தொட்டார். அப்பகுதியைக் குடும்பமாக வாசித்து, நாம் தொடத் தயங்குபவர் யார் என்று கலந்து பேசுங்கள்.

தொடக்கத்தில் மாந்தீவுக்குப் போனவர்களுக்குப் பயனுள்ள மருந்து கிடைக்கவில்லை. இன்று நமக்குக் கிடைக்கிறது. அவர்களை வெட்கமின்றி நினைவுகூரும் வீட்டில், நோய் கண்ட பிள்ளையும் பயமின்றி வாய் திறந்து சொல்லும்.